முப்பத்தொன்றாம் நம்பர் ஜெர்சியும் என் நாத்தனாரும்

பெர்னடெட் ஷிமான்ஸ்கி என்று கேட்டால், அமெரிக்காவில் ஏரிக்கரை ஓரம் இருக்கிற எங்கள் லாக்கவானாவில் யாருக்கும் தெரியாது. பீர் பீப்பாய் இறக்குகிற பெர்னி என்று கேளுங்கள். எந்த பாரிலும் வழி சொல்வார்கள், கூடவே ஒரு கதையும் சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதி நான் கண்ணால் பார்த்தது. அவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரன் காஸின் அக்கா.

நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்த புதிதில் மாமியார் எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி, பெர்னியிடம் ஃபுட்பால் பற்றி வாய் கொடுக்காதே என்பதுதான். நான் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பியரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டே டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர் ஃபுட்பால். திரையில் ஒருவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓட, அவன் மேல் ஆறேழு தடியர்கள் விழுந்தார்கள். "பாவம், அந்தப் பந்தைக் குடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்றேன். பெர்னி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன் லொரெய்ன், எவளாவது வந்து கேட்டா உன் புருஷனைக் குடுத்துடுவியா?"

"கேக்கறவ யாருன்னு பாத்துட்டுச் சொல்றேன் அண்ணி."

அவள் சிரித்த சிரிப்பில் மாமியார் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டோம், இன்றுவரை விடவில்லை.

பெர்னி வேலை செய்வது ஒரு பீர் மொத்த வியாபாரக் கிடங்கில். லாரியை எடுத்துக்கொண்டு பார் பாராகப் போய்ச் சரக்கு இறக்க வேண்டும். எங்கள் ஊர் பார்கள் எல்லாம் என் கொள்ளுத்தாத்தா காலத்துக் கட்டடங்கள். பீப்பாய் வைக்கிற இடம் நிலவறையில்தான் இருக்கும். அதற்கு இறங்குகிற படிக்கட்டோ, ஏணியைச் சற்றுச் சாய்த்து வைத்தது போல இருக்கும். ஒரு முழுப் பீப்பாய் என்னைவிட அதிக எடை. நான் ஒன்றும் குச்சி இல்லை. அதைத் தள்ளுவண்டியில் கட்டி, பின்பக்கமாகப் படி இறங்க வேண்டும். அந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் பொம்பளை இவள்தான். ஒரு வாரம் தாங்குவாளா என்று ஆண்கள் பந்தயம் கட்டினார்கள். பந்தயம் கட்டியவர்களில் பாதிப் பேர் இடுப்பு போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் இன்னும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் போனது ஒன்று உண்டு. வலது முழங்கால். அது போன கதையை அவள் சொல்லமாட்டாள், காஸும் சொல்லமாட்டான், அதனால் நான் சொல்கிறேன். காஸ் அதே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அக்காவும் தம்பியும் ஒரே லாரியில். ரிட்ஜ் ரோட்டில் ஒரு பார். காஸ் கீழே நின்று வாங்க, மேலே பெர்னி இறக்க, தள்ளுவண்டியின் பட்டை அறுந்துவிட்டது. பீப்பாய் நேராக இவன் தலைக்கு வந்திருக்கும். பெர்னி முழங்காலைக் குறுக்கே கொடுத்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள். "மேலே வாடா முதல்ல" என்று மட்டும் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்தவர்கள் லாரி ஏறிவிட்டதா என்று கேட்டார்கள். அதன் பிறகும் அவள் நிலவறைக்குப் போனாள். படி இறங்கும்போது மட்டும் ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டே போகும்.

இனி ஃபுட்பாலுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் எந்தக் கதையும் அங்கேதான் வந்து சேரும்.

ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் சைலன்சர் மாற்றுகிற கடை ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் காலி மனை. சொந்த ஊரில் மேட்ச் நடக்கிற ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கூட்டம் அங்கே கூடும். முக்கால்வாசிப் பேர் பெர்னியின் கிடங்கு ஆட்கள், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள். பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கி டீம் நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம். அதன் கூரையில் ஏறி ஆடுகிறவர்கள் ஆடலாம், விழுந்தால் கேட்கக் கூடாது. கோழி விங்ஸ் பொரிப்பது என் பொறுப்பு. தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ் தவிர வேறு எதையாவது கேட்கிறவர்களை நான் மனுஷர்களாக மதிப்பதில்லை.

எங்கள் மனையில் ஒரு வழக்கம் உண்டு. டீமை விட்டுப் போகிறவன், காசு போதாது என்று முறுக்கிக்கொண்டு வராமல் இருக்கிறவன் எவனாக இருந்தாலும், சீசனின் முதல் மேட்ச் அன்று அவன் பெயர் போட்ட ஜெர்சிக்காரர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, முதுகில் பெயருக்கு மேல் அகலமான வெள்ளை டேப்பை ஒட்டிவிடுவோம். டேப் மேல் மார்க்கரால் ஒரு வசவு எழுதுவோம். எழுதுகிற உரிமை காஸுக்கு. ஒட்டின டேப்பை உரிக்கக் கூடாது. உரிக்கவும் முடியாது, பசை அப்படி. டேப்போடு அடியில் இருக்கிற பெயரும் சேர்ந்து வந்துவிடும்.

அந்த வருஷம் முறுக்கிக்கொண்டவன் ட்ராவோன் கிடென்ஸ். முப்பத்தொன்றாம் நம்பர். எங்கள் ரன்னிங் பேக். பந்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து, எதிரே நிற்கும் மனித மலைகளுக்கு நடுவே நுழைகிறவன். நாலு வருஷம் டீமையே அவன்தான் சுமந்தான். ஒப்பந்தம் முடிந்தது. சில வருஷத்துக்குச் சேர்த்துப் புது ஒப்பந்தம் போடுங்கள் என்று கேட்டான். டீம், ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் என்றது. விதிப்படி அவனாக வேறு டீமுக்குப் போகவும் முடியாது. அவன் பயிற்சிக்கு வரவில்லை. கோடை முழுக்க எங்கள் வீட்டுப் பின்கட்டில் இதே பேச்சுத்தான். அடுப்பில் கறி கருகினால்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காஸ் கட்சி ஒன்று. "ரன்னிங் பேக் எல்லாம் பிரேக் ஷூ மாதிரி அக்கா. தேஞ்சா கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும். தேஞ்சதுக்கு எவனாவது ரெட்டை விலை குடுப்பானா?"

"உன் பிரேக் ஷூ வீட்டு வாடகை கட்டுதாடா?" என்பாள் பெர்னி.

டெரெக் ஹூலிஹான் காஸுக்குப் பின்பாட்டு. கிடங்கில் எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று அனுப்புகிறவன். நல்ல பையன்தான், ஆனால் போனை எடுத்துவிட்டால் அவன் கண் போனில்தான். "உணர்ச்சிவசப்படாதீங்க பெர்னி. நம்பர் என்ன சொல்லுதுன்னு பாருங்க. இருபத்தெட்டு வயசைத் தாண்டினா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கெடைக்கற தூரம் கொறைஞ்சுக்கிட்டே போகுது. எல்லாருக்கும். கோடு இப்படி எறங்குது பாருங்க."

"நானும் தெனமும் எறங்கறேன் டெரெக். எவனாவது கோடு போட்டானா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். முதலில் நானும் இதை வெறும் ஃபுட்பால் என்றுதான் நினைத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் கிடங்கிலிருந்து யூனியனுக்குப் புது ஒப்பந்தம் வந்தது. எல்லோருக்கும் நல்ல சம்பள உயர்வு. இத்தனை வருஷத்தில் அவ்வளவு யாரும் தந்ததில்லை. கூடவே ஒரு வரி. யார் எந்தக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோவது என்கிற ரூட்டை, இதுவரை அதிக வருஷம் வேலை பார்த்தவர்கள்தான் முதலில் எடுப்பார்கள். இனி அப்படி இல்லை. ஒரு மணி நேரத்தில் யார் அதிகச் சரக்கு இறக்குகிறார்களோ அந்த நம்பரைப் பார்த்து ரூட் கொடுப்பார்கள்.

இதில் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். சூப்பர் மார்க்கெட் ரூட் என்று ஒன்று உண்டு. அதில் படியே கிடையாது. லாரியை நிறுத்தினால் கடையின் தரையும் லாரியின் தரையும் ஒரே மட்டம். உருட்டித் தள்ளினால் போதும். அதை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். அடுத்த ஆள் பெர்னி. அந்த ரூட்டுக்காகத்தான் அவள் அந்தக் காலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நம்பரைப் பார்த்துக் கொடுத்தால் அது ஏதாவது ஒரு இருபத்தைந்து வயதுக்காரனுக்குப் போகும். பெர்னிக்கு மிச்சம் இருப்பது நிலவறைப் படி. இன்னும் ஒரு குளிர்காலம் அந்தப் படியில் இறங்கினால் காலே இல்லாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒப்பந்தம் நிறைவேறினால் அவள் வேலையை விட வேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரியும்.

முதல் மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. ஒப்பந்தத்துக்கு யூனியன் ஆட்கள் ஓட்டுப் போடுவது மறுநாள் திங்கள்.

காஸ் என்ன செய்யப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஹீட்டர், போன வருஷக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தது. அந்தச் சம்பள உயர்வின் மேல் எனக்கும் ஒரு கண் இருந்தது என்பதை மறைப்பானேன். பெர்னியிடம் மட்டும் ஒரு தரம் கேட்டேன்.

"அண்ணி, நீங்க எல்லார்கிட்டயும் பேசலாமில்ல? காஸ்கிட்டயாவது?"

"என்னன்னு பேச? என் முழங்காலைப் பாரு, உன் சம்பளத்தை விட்டுக்குடுன்னா?"

"ஆமா. அப்படித்தான்."

"கேட்டு வாங்கற எடத்துல நான் நிக்கமாட்டேன் லொரெய்ன். அவங்களுக்குக் கண்ணு இருக்கு." அதோடு பேச்சு முடிந்தது. இந்தக் குடும்பத்தின் தலைக்கனம் முழுவதையும் கடவுள் அவள் ஒருத்தியிடமே கொடுத்துவைத்திருக்கிறார்.

ஞாயிறு வந்தது. செப்டம்பர் வெயில், ஏரிக் காற்று, விங்ஸ் வாசனை. காஸ் டேப் உருளையைக் கையில் வளையலாக மாட்டிக்கொண்டு, பஸ் படியில் நின்று கூவினான். "கிடென்ஸ் போட்டவங்க எல்லாம் வரிசையா வாங்க!" சிலர் தயங்கினார்கள். அவன் இன்னும் எங்கேயும் போய்விடவில்லையே, கையெழுத்துத்தானே போடவில்லை என்றார்கள். அப்போது டெரெக் போனை உயர்த்திப் பிடித்தான்.

"முடிஞ்சுது! டெக்சாஸ் டீமுக்குத் தள்ளி விட்டுட்டாங்களாம். இப்பத்தான் போட்டிருக்கான்."

"எவன் போட்டது?"

"ஃபுட்பால் செய்தி போடற பெரிய ஆளு. லட்சக்கணக்கான பேர் பின்தொடர்றாங்க."

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மேட்ச் நாளில் அந்தப் பகுதியில் போன் எல்லாம் செத்துப்போகும். அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தட்டினால் எந்த டவர் தாங்கும்? ஆனால் எங்கள் கூட்டத்துக்கு அந்த ஒரு வரி போதும். வரிசை கடகடவென்று நீண்டது. டேப் கிழிகிற சத்தம். காஸ் ஒவ்வொரு முதுகிலும் எழுதினான். ஓடுகாலி. பேராசை. தேஞ்ச டயர். எங்கள் பஸ் மெக்கானிக்கின் முதுகில் இடம் அதிகம், அதில் ஒரு முழு வாக்கியமே எழுதினான். தன் ஜெர்சிக்கும் ஒட்டிக்கொண்டான்.

பெர்னி அப்போதுதான் வந்தாள். முப்பத்தொன்றாம் நம்பர் ஜெர்சி. கையில் வேகவைத்த சாசேஜ் பாத்திரம்.

"வா அக்கா, திரும்பு."

"எதுக்கு?"

"வித்துட்டாங்க உன் செல்லப்பிள்ளையை. திரும்பு, உனக்கு நல்லதா எழுதறேன்."

பாத்திரத்தை என் மேஜையில் வைத்தாள். "வித்தா அது அவன் தப்பா? அவன் போனானா, அனுப்பினாங்களா?"

"சும்மா வரமாட்டேன்னானே. காசு பத்தாதுன்னானே."

"கேட்டான். கேக்கறது தப்பா?"

டெரெக் குறுக்கே வந்தான். "பெர்னி, இது சாதாரண விஷயம். இப்ப அவனுக்குப் பெரிய ஒப்பந்தம் போட்டா, அது ஓடப்போற ஓட்டத்துக்கு இல்ல, ஓடி முடிச்ச ஓட்டத்துக்குக் குடுக்கற காசு. அப்படிக் குடுத்த டீம் எதுவும் உருப்படல."

"ஆமாடா. ஓடி முடிச்சதுக்குத்தான். ஓடறப்போ குடுத்தீங்களா?" பெர்னியின் குரல் உயரவில்லை. "வந்த புதுசுல சின்னப் பையன், இப்பத்தான் வந்திருக்கான்னு கொஞ்சமாக் குடுத்தாங்க. அவனும் வாயை மூடிட்டு ஓடினான். நாலு வருஷம் ஓட்டி முடிச்சிட்டு இப்ப கேட்டா, வயசாயிடுச்சுங்கறாங்க. சின்னவனா இருந்தான், கெழவனாயிட்டான். நடுவுல ஒரு நாளாவது அவனுக்குச் சரியான வயசுன்னு ஒண்ணு இருந்துச்சா? அதைச் சொல்லு."

நான் எண்ணெயில் கிடந்த விங்ஸைத் திருப்பிப் போட்டேன்.

நாசர் என்று ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவருடைய அப்பா ஏமனிலிருந்து இங்கே எஃகு ஆலைக்கு வந்தவர். நாசரும் பெர்னியும் பல வருஷமாக ஒரே லாரி. அதிகம் பேசமாட்டார். வாயில் இருந்த விங் எலும்பை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "பெர்னி இப்ப பேசறது ஃபுட்பால் இல்ல" என்றார்.

"ஃபுட்பால்தான் பேசறேன்" என்றாள் பெர்னி. "நான் வேற எதுவும் பேசல. என் முதுகுல டேப் ஒட்ட வேணாம், அவ்வளவுதான்." சாசேஜை எடுத்து அடுப்பில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். காஸ் மார்க்கரின் மூடியைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தான்.

ஸ்டேடியத்துக்குள் போனோம். எங்கள் இடம் மேல் தட்டில், ஏரிக் காற்று நேராகக் காதுக்குள் போகிற இடம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். ஒலிபெருக்கி பெயர்களைக் கூவியது. கடைசியாக, "முப்பத்தொன்று..." என்றது.

ட்ராவோன் கிடென்ஸ் ஓடி வந்தான்.

எங்கள் வரிசையில் ஒருவன் வாயில் ஊற்றிய பீர் அப்படியே நின்றது. முந்தின நாள் ராத்திரியே, வெளியே யாருக்கும் சொல்லாமல், ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டானாம். காலையில் அந்தப் பெரிய ஆள் எழுதியது பொய், பத்து நிமிஷத்தில் அழித்தும் விட்டானாம். எங்கள் போன்கள்தான் அதற்குள் செத்துவிட்டன. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் முதுகைப் படித்தார்கள். ஓடுகாலி, பேராசை, தேஞ்ச டயர். ஸ்டேடியமே அவன் பெயரைக் கத்திக்கொண்டிருக்க, எங்கள் வரிசை மட்டும் முதுகைச் சாய்மானத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உரிச்சுடலாம்டா" என்று மெக்கானிக் முதல் ஆளாக இழுத்தார். சர்ரென்று டேப் வந்தது. கூடவே கிடென்ஸ் என்ற பெயரும் வந்தது. மற்றவர்களும் இழுத்தார்கள், மற்றவர்களுக்கும் அதேதான். கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசை முழுக்க வெறும் நம்பர், மேலே மொட்டை. பெயர் இருந்தது ஒரே ஒரு முதுகில்தான். அந்த முதுகுக்காரி எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பாள், அந்தச் சிரிப்பை எங்களால் தாங்கியிருக்க முடியாது.

உண்மையைச் சொல்ல வேண்டும். கிடென்ஸ் அன்று பிரமாதமாக ஓடவில்லை. கோடை முழுக்கப் பயிற்சிக்கு வராதவன். நாலு எட்டு, மூன்று எட்டு, விழுந்தான், எழுந்தான். டெரெக் தன் நம்பர்களை நினைத்து உள்ளுக்குள் தலையாட்டியிருப்பான். நாங்கள் பின்தங்கியிருந்தோம், ஆட்டம் முடிகிற நேரம். பந்து எறிகிறவன் பின்னால் நகர்ந்து தூரத்தில் ஆள் தேடினான். அவனுடைய இடப் பக்கத்திலிருந்து ஒரு ராட்சசன், யாரும் தடுக்காமல், முழு வேகத்தில் அவன் மேல் பாய வந்தான். எறிகிறவன் பார்க்கவே இல்லை. கிடென்ஸ் பார்த்தான். குறுக்கே போய்த் தன் உடம்பைக் கொடுத்தான். அந்த மோதல் மேல் தட்டுவரை கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். பந்து அதற்குள் எறிகிறவன் கையை விட்டுப் போய்விட்டது. எழுபதாயிரம் பேர் தலையைத் தூக்கிப் பந்தைப் பார்த்தார்கள். தூரத்தில் ஒருவன் பிடித்தான், கோட்டைத் தாண்டினான், ஸ்டேடியம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம்.

காஸ் பந்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறோம், அவன் மட்டும் கீழே, பந்து கிளம்பின இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அங்கே கிடென்ஸ் ஒரு முழங்காலில் ஊன்றி மெதுவாக எழுந்துகொண்டிருந்தான். யாரும் அவனிடம் ஓடவில்லை, எல்லோரும் பந்து பிடித்தவனிடம் ஓடினார்கள்.

"இதை எவன்டா கணக்குல எழுதுவான்?" என்றான் காஸ். யாரிடம் சொன்னானோ தெரியாது. எனக்குத்தான் கேட்டது. பிறகு வரிசையின் ஓரத்தில் இருந்த அக்காவைப் பார்த்தான். அவள் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துக்கொண்டிருந்தாள், வலது காலில் பாரம் போடாமல்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காஸ் வாய் திறக்கவில்லை. டீம் ஜெயித்த நாளில் அவன் பேசாமல் வருவது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "லொரெய்ன், ஹீட்டரை இந்த வருஷமும் தட்டிக் கொட்டி ஓட்டிக்கலாமா?" என்றான்.

"அது செத்தாலும் நான் கம்பளியைப் போத்திக்கறேன். நீ போய்ச் செய்ய வேண்டியதைச் செய்" என்றேன்.

திங்கட்கிழமை யூனியன் ஹாலில் நடந்தது எனக்கு நாசர் சொன்னது. ஒப்பந்தத்தைப் படித்து முடித்ததும் சம்பள வரிக்குப் பலர் கை தட்டினார்களாம். பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றதும் காஸ் எழுந்து போனான். மைக்கைப் பார்த்தால் விடாதவன் என்பதால் சிலர் காபி எடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

"என் முதுகைப் பாருங்க" என்றானாம். அதே மொட்டை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். "ஒருத்தன் போயிட்டான்னு எவனோ சொன்னான், நம்பி, இருக்கறவன் பேரையே உரிச்சுட்டேன். நேத்து உரிச்சது சட்டை, போகட்டும். இன்னைக்கு மனுஷங்க. இந்த ரூமுல எனக்கு முன்னாடி படி எறங்கினவங்க இருக்காங்க. அவங்க எறங்கினதாலதான் எனக்குத் தலை இருக்கு. அவங்க ரூட்டை வித்து வர்ற காசு எனக்கு வேணாம்."

அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டான். பெர்னி கடைசி வரிசையில் இருந்தாள். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அழுதாளா என்று கேட்டேன். "பெர்னியா?" என்றார் நாசர். பிறகு, "மூக்கைத் துடைச்சாங்க. ஜலதோஷமா இருக்கும்" என்றார்.

ஒப்பந்தம் தோற்றது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனால் தோற்றது. டெரெக் யூனியன் ஆள் இல்லை, அலுவலகப் பக்கம், அவனுக்கு ஓட்டுக் கிடையாது. இருந்தாலும் மறுநாள் பெர்னியின் லாரிக்கு நிலவறை குறைவான கடைகளாகப் பார்த்துப் போட்டு அனுப்பினான். அக்டோபரில் கிடங்குக்காரர்கள் வேறு காகிதத்தோடு வந்தார்கள். சம்பள உயர்வு பாதியானது. ரூட் எடுக்கிற வரிசை பழையபடியே இருந்தது. ஜனவரியில் சூப்பர் மார்க்கெட் ரூட் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போனது.

அந்தச் செய்தி வந்த வாரத்து ஞாயிறு சொந்த ஊர் மேட்ச். முதல் பனி விழுந்திருந்தது. பெர்னி வழக்கம்போல் சாசேஜ் பாத்திரத்தோடு மனைக்குள் வந்தாள். எங்கள் கூட்டம் முழுவதும் பஸ்ஸைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகு காட்டி நின்றோம். கடுங்குளிர், ஆனாலும் கோட்டுக்கு மேல் ஜெர்சியை மாட்டியிருந்தோம். பெயர் போன இடத்தில் எல்லார் முதுகிலும் புது வெள்ளை டேப். எல்லாவற்றிலும் காஸின் கோணல் எழுத்தில் ஒரே பெயர்.

பெர்னி.

என் முதுகிலும், நாசர் முதுகிலும், மெக்கானிக்கின் அகல முதுகிலும், டெரெக்கின் முதுகிலும். பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. என்னால் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன்.

"என்னடா இது?" என்றாள். "நான் எந்த டீமை விட்டு ஓடிட்டேன், எனக்கு டேப் ஒட்டியிருக்கீங்க?"

"வெறும் முதுகோட வர வெக்கமா இருந்துச்சு அக்கா" என்றான் காஸ், திரும்பாமலே.

அவள் நொண்டிக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்றாள். டேப்பின் ஒரு முனை குளிரில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு, தம்பியின் முதுகில் அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அவள் அவனை அடித்துத்தான் பார்த்திருக்கிறேன், தடவிப் பார்த்ததில்லை. இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்ததற்காக நான் அன்றைக்குப் பெருமைப்பட்ட மாதிரி என்றைக்கும் பட்டதில்லை.

"ஒழுங்கா அழுத்தி ஒட்டணும்டா" என்றாள். "பாதியில உரிஞ்சு வந்துடக் கூடாது."